இன்சினரேட்டர் வருதாம், நம்ம குழு என்ன கேட்கணும்?

(இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டவும். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டங்களில் படிக்கலாம்.)



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய குழுவில் இருந்து சிலர் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் குப்பை எடுக்கும் வேலையை ஒப்பந்தத்தில் செய்கிறார்கள். "இனிமே நீங்க தரம் பிரிக்க வேண்டாம், உரக்குழிக்குச் சுமக்க வேண்டாம், இன்சினரேட்டர் வாங்கப் போறோம், எல்லாத்தையும் அதுல கொட்டிட்டாப் போதும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எங்களுக்கு வேலை சுலபமாகுமா, இல்ல வேலையே போயிடுமா?" என்றார்.

அன்றைக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த கூட்டத்தில் விவாதிக்கப்படும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு எழுந்துவிட்டோம். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. காரணம், இந்த விஷயத்தில் நாங்கள் முன்பு ஒரு தவறு செய்தவர்கள். அதையும் இந்தப் பாடத்திலேயே சொல்கிறோம்.

முதலில் ஒன்று. ஆபீஸ்காரர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் நெருக்கடி இருக்கிறது. விடுதிக்குப் பின்னால் குப்பை குவிகிறது, நாய் கிளறுகிறது, யாரோ தீ வைக்கிறார்கள், ஊர்க்காரர்கள் மனு கொடுக்கிறார்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றும் அதே விதிகள் சொன்னன. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனிக்காரர் வந்து, ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாம் சாம்பல் என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

வளாகம்னா ஒரு சின்ன ஊர்

பல்கலைக்கழகக் குப்பை என்றதும் பேப்பர்தான் நினைவுக்கு வரும். வேலை பார்க்கிற அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸில் மிஞ்சிய சாதம், சாம்பார், காய்கறிக் கழிவு. கேன்டீன் டம்ளர், பிஸ்கட் கவர். மரத்தில் இருந்து விழும் சருகு. ஆபீஸ் காகிதம், அட்டைப்பெட்டி. கருத்தரங்கு முடிந்த மறுநாள் சுருட்டிப் போட்ட ஃபிளெக்ஸ் பேனர். லேப்பில் இருந்து கண்ணாடிக் குப்பி. சிகிச்சை மையத்தில் இருந்து ஊசி, பஞ்சு. பெண்கள் விடுதியில் இருந்து நாப்கின். வருடக் கடைசியில் விடுதி காலியாகும்போது தலையணை, செருப்பு, பழைய சார்ஜர் வரைக்கும் வரும்.

இதில் எடை அதிகம் எது? பெரும்பாலும் மெஸ் கழிவும் சருகும்தான். இதை நாங்கள் சொல்லி நம்ப வேண்டாம். ஏழு நாள் தராசில் நிறுத்தி ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆபீஸில் பேசப் போகும்போது அந்த நோட்டு கையில் இருந்தால் நம்ம பேச்சுக்கு ஒரு கனம் வரும்.

மெஷின் உள்ளே என்ன நடக்குது

ஒழுங்கான இன்சினரேட்டரில் இரண்டு அறைகள் இருக்கும். முதல் அறையில் குப்பை எரியும். அதில் இருந்து கிளம்பும் புகை இரண்டாவது அறைக்குப் போய் இன்னும் அதிக சூட்டில் மறுபடியும் எரியும். நம்ம மண் அடுப்பில் விறகு சரியாகப் பிடிக்காதபோது கண் எரிகிற புகை வரும், நல்லாப் பிடிச்சதும் புகை அடங்கிடும் இல்லையா, அதே கதைதான். பாதி எரிந்ததுதான் புகை. மருத்துவக் கழிவை எரிக்கும் உலைகளுக்கு 2016-ம் ஆண்டு விதிகள் முதல் அறையில் 800 டிகிரி, இரண்டாவது அறையில் 1050 டிகிரி (இரண்டிலும் 50 டிகிரி கூடக் குறைய) என்று அளவு வைத்தன. புகை அந்த இரண்டாவது அறையில் 2 விநாடியாவது நிற்க வேண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். இதில் இருந்தே இது எவ்வளவு சூடு என்று தெரியும். இதற்குப் பிறகு புகையைக் கழுவி, உயரமான புகைக்கூண்டு வழியாக விட வேண்டும்.

இந்தச் சூட்டுக்கு டீசல் அல்லது கேஸ் வேண்டும். குப்பை காய்ந்ததாக இருந்தால் அதுவே எரிந்து சூடு கொடுக்கும். ஈரமாக இருந்தால்? ஒரு கணக்குப் போடுவோம். 100 கிலோ மெஸ் கழிவில் ஏறக்குறைய 70 கிலோ தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 4 கிலோ கேஸ் எரிய வேண்டும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. இதுவும் சூடு கொஞ்சம்கூட வீணாகாத உலைக்கு உள்ள கணக்கு. அப்படி ஒரு உலை உலகத்தில் கிடையாது. அந்த ஆவியையும் 800 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும், பாதிச் சூடு புகைக்கூண்டு வழியே போய்விடும். ஆக, நிஜத்தில் செலவு இதைவிடப் பல மடங்கு. மாட்டுக்குப் போட வேண்டிய சோற்றை சிலிண்டர் வாங்கி எரிப்பதற்குச் சமம் இது.

டெல்லியில் திமார்பூர் என்ற இடத்தில் 1987-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு ஒரு பெரிய எரிஉலை கட்டினார்கள். தினமும் 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது திட்டம். 21 நாள்தான் ஓடியது. அங்கே வந்த குப்பை, தானாக எரியும் அளவுக்குக் காய்ந்ததாக இல்லை. மெஷினில் பழுதில்லை. நம்ம நாட்டுக் குப்பை எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வாங்கியதுதான் தவறு.

இன்னொரு முக்கிய விஷயம் பி.வி.சி. பிளாஸ்டிக். இதில் குளோரின் இருக்கிறது. பி.வி.சி. எங்கே இருக்கும் என்று குழுவில் கேட்டால் எல்லோரும் பைப் என்பார்கள். ஃபிளெக்ஸ் பேனர், ஒயரின் மேல்தோல், ரெக்சின் பை, பல அடையாள அட்டைகள் எல்லாமே பி.வி.சி.தான். குளோரின் உள்ளது எரியும்போது டயாக்சின் என்ற விஷம் உண்டாகிறது. குறைந்த சூட்டில் எரிந்தால் அதிகம் உண்டாகும். நல்ல சூட்டில் எரித்தாலும், புகை மெதுவாக ஆறும்போது 200 முதல் 450 டிகிரிக்குள் மறுபடியும் உருவாகும். இது கண்ணுக்குத் தெரியாது. புல்லில் படிந்து, மாட்டுக்குள் போய், பாலில் வரும். முட்டையில் வரும். உடம்பின் கொழுப்பில் தங்கி, தாய்ப்பால் வரை போகும். டயாக்சின் வகைகளிலேயே மிகக் கொடியதை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் அறிவித்தது. இப்படிப்பட்ட விஷங்களைக் குறைக்க 2001-ல் ஸ்டாக்ஹோம் நகரில் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 2006-ல் அதை ஏற்றுக்கொண்டது.

முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈரத்துணி தூசியைக் கொஞ்சம் தடுக்கும். இந்த விஷ வாயுக்களைத் தடுக்காது.

நாங்கள் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் நடந்தது. வேறொரு கல்வி வளாகம், பெயர் வேண்டாம். அங்கே எரிஉலை ஏற்கெனவே ஷெட்டில் இருந்தது. நம்ம ஒரு குழுவுக்காக ஒப்பந்தம் பேசப் போனது நாங்கள்தான். சம்பளம் எவ்வளவு, மாதம் எந்தத் தேதியில் வரும், லீவு உண்டா, இதை எல்லாம் கேட்டோம். மெஷினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாங்கள் சமூகப்பணி படித்தவர்கள், மெஷின் எல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம்.

விடுதி காலியாகும் மாதம். மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மூட்டைக்குள் சென்ட் ஸ்பிரே டப்பா இருந்திருக்கிறது. கதவைத் திறந்து அடுத்த மூட்டையைத் தள்ளும்போது அது வெடித்தது. அந்த அக்காவுக்கு வலது முன்கையும் கழுத்தும் வெந்துபோயின. ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், விபத்து என்ற சொல்லே அதில் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து எங்களுடையது.

ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தோம். அந்தக் கடனுக்கு அவர் வட்டி கட்டினார். மூன்று மாதம் கழித்து குழுவில் வயதான ஒரு அம்மாதான் கேட்டார்: "வேலையில வெந்த கைக்கு அவளே வட்டி கட்டணுமா?" அன்றைக்குத் தீர்மானம் போட்டு வட்டியைத் தள்ளுபடி செய்தார்கள். அசலை அவரே கட்டி முடித்தார்.

பிறகு நாங்கள் அந்த ஷெட்டில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாவது அறையின் பர்னர் மாதக்கணக்கில் அணைந்தே கிடந்தது, டீசலை மிச்சப்படுத்த. சூட்டைக் காட்டும் மீட்டர் ஓடவில்லை. கறுப்புப் புகை வருவதுதான் வழக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று தெரிந்தபோது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சாம்பலை ஒரு உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாத்திரம் துலக்கியும், கீரைப் பாத்தியில் தூவியும் வந்திருக்கிறார். அவர் மேல் என்ன தவறு? நம்ம அம்மாக்கள் காலங்காலமாகச் செய்ததுதானே. விறகுச் சாம்பல் வேறு, இந்தச் சாம்பல் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேட்டரி, பெயின்ட், ஒயர் எல்லாம் எரிந்த சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தங்கும். அதைக் கையாலும் தொடக் கூடாது. உரக்குழியிலும் கொட்டக் கூடாது.

அந்த ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. மெஷின் எதை நன்றாகத் தின்கிறது என்று பாருங்கள். காய்ந்த காகிதம், அட்டை, பால் கவர், தண்ணீர் பாட்டில். பழைய இரும்புக் கடைக்காரர் எதற்குக் காசு கொடுக்கிறார்? இதே காகிதம், இதே அட்டை, இதே பாட்டில். மெஷின் திணறுவது எதில்? சோறு, ஈரச் சருகு, கண்ணாடி, தகரம், ஃபிளெக்ஸ். அதாவது எது விலை போகுமோ அதுதான் நன்றாக எரிகிறது. ஈரக் குப்பையும் எரியட்டும் என்பதற்காக அட்டையையும் பாட்டிலையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். நம்ம குழுவுக்கு வர வேண்டிய பணம்தான் அங்கே விறகாகிறது.

ஆகவே "மெஷின் வந்தால் வேலை சுலபமாகுமா" என்ற கேள்விக்கு எங்கள் பதில்: எல்லாவற்றையும் கொட்டும் மெஷின் வந்தால் சுமை குறையாது, வருமானம் குறையும், ஆபத்து கூடும். முதலில் கேட்க வேண்டியது தரம் பிரிக்க ஒரு கூரை போட்ட ஷெட், ஒரு மேஜை, ஒரு தராசு. மக்கும் குப்பைக்கு உரக்கூடம். உரம் தயாரிப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று எழுதி வாங்க வேண்டும். பிஸ்கட் கவர், கிழிந்த பை போன்ற விலைபோகாத பிளாஸ்டிக்கைக்கூட எரித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடான ஜல்லியின் மேல் தூவி உருக வைத்து, தாரோடு கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2002-ல் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே அந்த ரோட்டைப் போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதற்குப் பிறகு நம்ம மாநிலத்தில் பல இடங்களில் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிக் கொடுத்தது யார் தெரியுமா? சுய உதவிக் குழுக்கள்தான். அங்கேயும் பி.வி.சி. சேர்க்கக் கூடாது என்பது விதி.

பேசக் கூச்சப்படும் விஷயம்

இவ்வளவு சொன்னதால் இன்சினரேட்டரே கூடாது என்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் அது தேவையாக இருக்கலாம். நாப்கின்.

பயிற்சியில் இந்தப் பகுதி வந்தாலே எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனால் தினமும் அதைக் கையால் பொறுக்குவது நாம்தான். விடுதிக் கழிவறையில் அடைத்துக்கொண்டதை எடுப்பதும் நாம்தான். புனே நகரில் 'ஸ்வச்' என்ற அமைப்பில் குப்பை சேகரிக்கும் பெண்கள் 2013-ல் ஒரு காரியம் செய்தார்கள். பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அதைத் தயாரித்த கம்பெனிகளுக்கே அனுப்பி வைத்தார்கள். பிறகு அதே ஊரில், நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மேலே சிவப்புப் பொட்டு வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று பிரசாரம் நடந்தது. பொட்டைப் பார்த்தால் பிரிக்காமல் ஒதுக்கிவிடலாம். இதற்குச் செலவே இல்லை. விடுதி மாணவிகளிடம் நம்ம உறுப்பினர்களே நேரில் போய்ப் பேசினால் அந்தப் பெண் பிள்ளைகள் கண்டிப்பாகச் செய்வார்கள். நாங்கள் பார்த்தவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பல விடுதிகளில் கழிவறைச் சுவரில் சின்ன மின்சாரப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கடையில் வாங்கும் பெரும்பாலான நாப்கினில் பஞ்சோடு பிளாஸ்டிக் தாளும் ஈரத்தை உறிஞ்சும் ஒருவகை ஜெல்லும் இருக்கும். அது சுலபத்தில் எரியாது. ஒரே நேரத்தில் ஏழெட்டைத் திணித்தால் கருகிப் புகைதான் வரும். புகைக்குழாய் கூரைக்கு மேல் போகாமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் புகை மாணவிகள் தூங்கும் அறைக்கே போகும். பெட்டி இருந்தால் இதைப் பாருங்கள்: இரண்டாவது எரிஅறை இருக்கிறதா, குழாய் எங்கே முடிகிறது, ஒரு தடவைக்கு எத்தனை போடலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா, சாம்பலை யார் எடுக்கிறார்கள். இதைவிட நல்ல வழியும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக் கழிவை வாங்கி விதிப்படி எரிக்கும் பொது நிலையங்கள் இருக்கின்றன. வளாகத்தின் சிகிச்சை மையக் கழிவு எப்படியும் அங்கேதான் போக வேண்டும். அதே வண்டியில் நாப்கினையும் அனுப்ப முடியுமா என்று ஆபீஸில் கேட்கலாம். ஊசியையும் ரத்தப் பஞ்சையும் நம்ம மெஷினில் போடச் சொன்னால் முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

கையெழுத்துக்கு முன்

கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம் வரும். நியாயமான பயம்தான். அதனால் தனியாகப் போகாதீர்கள். ஊக்குநர், பிரதிநிதியோடு கூட்டமைப்பில் இருந்தும் ஒருவர் போகட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மெஷினை இயக்க ஒரு பயிற்சி பெற்ற ஆபரேட்டர் இருக்கிறாரா, அவர் லீவு போட்டால் யார் என்று கேளுங்கள். "அக்கா, இன்னிக்கு மட்டும் நீங்க பார்த்துக்கங்க" என்பதில்தான் எல்லா விபத்தும் தொடங்கும். ஸ்பிரே டப்பா, பேட்டரி, பல்பு, லேப் குப்பி, ஃபிளெக்ஸ் இவை மெஷினுக்குள் போகாது என்று எழுத்தில் வேண்டும். கனமான கையுறை, ஷூ, கண்ணாடி யார் செலவு, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை புதுசு? மஞ்சள் காமாலை (பி வகை) தடுப்பூசியும் டி.டி.யும் யார் போடுவார்கள்? இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? விபத்து நடந்தால் செலவும், வேலைக்கு வராத நாளின் கூலியும் யார் பொறுப்பு? விற்கும் பொருளின் பணம் குழுவுக்கா, ஆபீஸுக்கா? சாம்பல் எந்த மூட்டையில், எங்கே போகிறது?

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சம்மதிக்க மாட்டார்கள். விபத்துச் செலவு பற்றிய வரி மட்டும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதைப் பேசிப் பேசி வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஊக்குநரின் குழு இப்போது எடை போட ஆரம்பித்திருக்கிறது. தராசைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருந்து கொடுத்திருக்கிறோம். வளாக வேலைக்குப் போகும் மற்ற குழுக்களும் தங்கள் ஒப்பந்தத்தின் நகலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வரவும். நகல் கைவசம் இல்லாதவர்கள் முதலில் அதை ஆபீஸில் கேட்டு வாங்கவும். ஒவ்வொன்றையும் வரி வரியாக உட்கார்ந்து படிப்போம்.